ஓடிப்போனவனின் பங்கு

நாள் முழுதும் நின்றுகொண்டு செய்யும் வேலை என்னுடையது. லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் அறைக் காவலாள். காலையில் கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறிப் போவேன். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு எனக்கென்று எழுதியிருக்கும் அறையில் போய் நிற்பேன். "கண்ணாடியைத் தொட வேண்டாம்", "கழிப்பறை இடது பக்கம்" என்ற இரண்டு வசனங்களையும் பதினொரு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஓரிடத்தில் தரிக்கத் தெரியாத மனிதனுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததே என்று என் மனைவி சிரிப்பாள். வீட்டில் நான் தேநீர் குடிப்பதுகூட நடந்துகொண்டுதான்.

போன வருடம் என்னை ரோமர் காலத்து அறைக்கு மாற்றினார்கள். அதே மாதம் எங்கள் மேலாளர், என் வயதில் பாதி வயதுள்ள ஆங்கிலேயப் பெண், ஒரு யோசனை சொன்னார். காவலாட்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு பொருளைத் தெரிவு செய்து, புதன்கிழமை மத்தியானத்தில் பார்வையாளர்களுக்கு ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். கட்டாயமில்லை என்றார். மற்றவர்கள் கண்ணாடிக் குடுவை, ஒரு பெண்ணின் காதணி, சிறு வெண்கலக் குதிரை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மூலையில் இருந்த நாணய வரிசையைச் சொன்னேன்.

பன்னிரண்டு காசுகள். எல்லாவற்றிலும் முடி சூடிய ஒரு தலை. முதலாவது நல்ல வெள்ளி. விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும். வலது பக்கம் போகப் போக நிறம் மங்கும். கடைசிக் காசு செம்பு. மேலே பூசிய வெள்ளி உரிந்து, துருப்பிடித்த ஆணியின் தலை மாதிரி இருக்கும். ஒரு மனிதன் பிறந்து கிழவனாகிச் சாகிற காலத்துக்குள் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. ஏன் என்று அட்டையில் எழுதியிருக்கவில்லை. மேலாளரிடம் கேட்டேன். அவர் ஒரு கட்டுக் கட்டுரைகளை அச்சடித்துத் தந்தார். அவற்றை ரயிலில் வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிக்க வாசிக்கப் பிடித்துக்கொண்டது. எல்லைகள் நீண்டுகொண்டே போக, படையும் பெருத்துக்கொண்டே போயிருக்கிறது. கிழக்கில் ஒரு பகைவன், வடக்கில் ஒரு பகைவன். பேரரசனை ஆக்குவதும் அழிப்பதும் படையே என்றான பிறகு, புதிதாக வருகிறவன் முதல் நாளே வீரர்களுக்கு அன்பளிப்புக் கொடுக்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும். சுரங்கத்து வெள்ளி போதவில்லை. வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். சனங்கள் என்ன, கண் இல்லாதவர்களா? வியாபாரிகள் விலையை ஏற்றினார்கள். காசுக்கு மதிப்புப் போக, அரசாங்கம் காசை விட்டுவிட்டுப் பொருளாகவே எடுக்கத் தொடங்கியது: தானியம், எண்ணெய், தோல், வண்டி, மாடு. இதே தீவில் இறந்துபோன பேரரசன் ஒருவன், படைவீரர்களைச் செல்வந்தர் ஆக்குங்கள், மற்றவர்களைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்ற கருத்தில் தன் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுச் செத்தானாம். பேரரசு விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டென்று கட்டுரைகள் சொல்லின. ஆனால் இந்தக் காரணம் எனக்கு உடனே விளங்கியது.

பிறகு ஒரு கட்டுரையில் இப்படியொரு பந்தி வந்தது. வரி கட்ட ஏலாத விவசாயிகள் நிலத்தை விட்டு ஓடினார்கள். நிலம் தரிசாய்க் கிடந்தது. ஆனால் ஊருக்கென்று விதித்த தொகையை அதிகாரிகள் குறைக்கவில்லை. ஓடிப்போனவனின் பங்கையும் ஊரில் மிஞ்சியவன் தலையில் ஏற்றினார்கள். அந்தப் பாரம் தாங்காமல் அவனும் ஓடினான்.

அதை வாசித்தபோது ரயில் ஸ்டொக்வெலில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. இறங்கிவிட்டேன். மேடையில் அங்கும் இங்கும் நடந்தேன். மூன்று ரயில்களைப் போகவிட்டு நாலாவதில் ஏறினேன். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனேன்.

பேச்சை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டே கேட்டாள். நான் கதவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில் நடந்து நடந்து சொன்னேன். முடிந்ததும் கத்தியை வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. காசு ஏன் கறுத்தது எண்டு வடிவாச் சொல்லுறியள். ஆனா அந்தச் சனத்திட்டை வீடு வீடாப் போய் வாங்கினது ஆர்? அரசனே போனவன்?"

"அதுக்கு ஆக்கள் இருந்திருப்பினம்," என்றேன்.

"எப்பிடிப்பட்ட ஆக்கள்?"

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாண்டில் ஆறு ஓடுகிறது. அதன் கரையால் போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறிவிட்டது. அப்போதுதான், கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு, அவளுக்கு அதைச் சொன்னேன்.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க்காக இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். பங்கீட்டுக் கூப்பன் பதிவுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. எந்த வீட்டில் எத்தனை தலை, யார் புதிதாய்ப் பிறந்தது, யார் செத்தது, யாருக்கு எத்தனை பரப்புத் தோட்டம், எல்லாம் எனக்குப் பாடம். எனக்கு இருபத்திரண்டு வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பகுதியில் இயக்கத்துக்குப் பங்களிப்புச் சேர்த்த பொடியன்கள் இரண்டு பேர் ஒரு நாள் கடைக்கு வந்து, எந்த வீட்டில் எவ்வளவு வாங்கலாம் என்று பட்டியல் ஒன்று எழுதித் தர ஏலுமா என்று கேட்டார்கள். என் கழுத்தில் யாரும் துவக்கு வைக்கவில்லை. கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கென்று ஒரு படை இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று நானும் நம்பினேன். பிறகு அவர்களோடு வீடுகளுக்கும் போனேன். தெரிந்த முகம் ஒன்று கூடவே வந்தால் சனங்கள் கதவைத் திறக்கும்.

ஒரு வீட்டில் கொடுக்கக் காசோ தங்கப் பவுணோ இருக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். உள்ளே போய், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். "இதுதான் இருக்கு," என்றார். பொடியன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அடையாளம் போட்டேன். மிசின் சைக்கிள் கரியரில் போனது.

இரண்டு கிழமையில் வெங்காயம் வாடிவிட்டது. ஒரு நாள் காலையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமே கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த மாதப் பட்டியல் எழுதும்போது பொடியன்கள் தலையைச் சொறிந்தார்கள். எங்கள் பகுதிக்கென்று சொன்ன தொகை அப்படியே நின்றது. ஆனால் ஒரு வீடு குறைந்துவிட்டது. வழி சொன்னது நான்தான். "பக்கத்துத் தோட்டக்காரருக்கும் போனவருக்கும் ஒரே கிணறுதானே. இனி அவர் தனிய அள்ளலாம், அந்த நிலத்தையும் செய்யலாம். அந்தப் பங்கையும் அவரிலை போடுங்கோ." கெட்டிக்காரன் என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இவ்வளவையும் மனைவி நின்றபடியே கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"எங்கட அப்பா வீட்டை பட்டியலோடை வந்தவனும் இப்ப எங்கையோ ஒரு ஊரிலை நல்ல மனுசனா இருப்பான்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை பேச்சு நடந்தது. பதினைந்து பேர் வரையில் நின்றிருப்பார்கள். வெள்ளியையும் செம்பையும் காட்டினேன்; எழுதிவைத்த இடம் வரையும் ஒழுங்காகப் போனது. பிறகு எழுதாத ஒன்றைச் சொன்னேன். இந்தக் காசுகளை அரசர்கள் போய் வாங்கவில்லை, அந்தந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் பட்டியலோடு போய் வாங்கினான், அவன் அந்தச் சனங்களின் பிள்ளைகளின் பெயர்களையும் அறிந்தவன் என்றேன். கட்டுரையில் அப்படி இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

பின்னால் நிமிர்ந்து நின்ற ஒரு வெள்ளைக்கார முதியவர் கையை உயர்த்தினார். படையில் இருந்தவர் என்று நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. "சரி, படைக்குச் செலவழிக்கவில்லை என்று வையுங்கள். மறுநாளே எதிரி உள்ளே வந்திருப்பானே. அவர்கள் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

"எனக்குத் தெரியாது ஐயா," என்றேன். "நாங்களும் அப்படித்தான் சொன்னோம்."

'நாங்கள்' யார் என்று அவர் கேட்கவில்லை. ரோமர் அறையில் வேலை செய்து செய்து நானும் ரோமனாகிவிட்டேன் என்று நினைத்திருக்கலாம். ஒரு பெண் கைதட்டினாள். மேலாளருக்கு நல்ல சந்தோசம். ஒவ்வொரு மாதமும் பேசச் சொன்னார். நான் வேறு இடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். முகத்தைச் சுளித்தாலும் மாற்றித் தந்தார். இப்போது நான் கீழ்த்தளத்து வாசலில் பைகளைச் சோதிக்கிறேன்.

அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடாதவள் மனைவி. அவளோடு வேலை செய்யும் ஒருத்தி எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். ஒரு மாலை மனைவி வேலையால் வந்து கோட்டைக் கழற்றுமுன்னமே சொன்னாள்:

"உங்கட மிசின்காரர் இஞ்சைதான், சட்டனிலை மகன் வீட்டை இருக்கிறாராம். எண்பது தாண்டிட்டுதாம். விலாசம் எடுத்தனான். போறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

ஒரு மாதமாக நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டவன் சட்டன் பஸ்ஸில் ஏறினேன். வாசலில் அவருடைய மருமகள் கதவைத் திறந்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டாள். அவர் கம்பளிச் சட்டையோடு கதிரையில் இருந்தார். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் செய்தி ஓடியது.

"ஊரிலை எவடம் தம்பி?"

"சங்கக்கடையிலை இருந்தனான் அண்ணை. கிளார்க்."

"மனேச்சர்தான் எனக்கு ஞாபகம். உம்மைத் தெரியேல்லை."

"உங்கட மிசினை எடுக்க வந்த ஆக்களோடை நானும் வந்தனான்."

பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று முடித்தேன். அவர் கையால் ஈயை விரட்டுகிற மாதிரிச் செய்தார்.

"எத்தினை பேர் வந்தவை. ஒருதரின்ரை முகமும் மனசிலை நிக்கேல்லை. மிசின்தான் நிக்குது, பச்சை நிறம். அது போனாப் போகட்டும் தம்பி. எனக்கு அதில்லைப் பிரச்சினை."

அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நாங்கள் விடியமுன்னம் வெளிக்கிட்டனாங்கள். பக்கத்துத் தோட்டக்காரனுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஒரு கிணத்துத் தண்ணியிலை இருபது வரியம் தோட்டம் செய்தனாங்கள். பிறகு கொழும்பிலை வைச்சுக் கேள்விப்பட்டன், என்ர பங்கையும் அவன்ர தலையிலை கட்டிப்போட்டினம் எண்டு. அதுக்குப் பிறகு அவன் ஒரு கடிதம் போடேல்லை. நானும் போடேல்லை. என்ன முகத்தோடை போடுறது? நான் ஓடினதாலைதானே அவனுக்கு வந்தது."

என்னை மன்னிக்கவோ ஏசவோ போகிற ஒருவரைத் தேடித்தான் நான் வந்தேன். இவரோ என் குற்றத்தைத் தன்னுடையதென்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருந்தார். எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கால்கள் அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தன.

"அண்ணை, அவரின்ரை பேரிலை அதை எழுதினது நான்."

"எழுதினது நீர். எழுதச் சொன்னது ஆர்?"

"சொன்னதும் நான்தான்."

அவர் என்னை அப்போதுதான் வடிவாகப் பார்த்தார். கதிரையின் கையைப் பிடித்து எழும்பி உள்ளே போனார். குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. பிறகு மருமகள் வந்து, "மாமா கொஞ்சம் படுக்கப் போறாராம்," என்றாள். என் தொலைபேசி இலக்கத்தை அவளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன்.

ஒன்பது நாளுக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. அவர்தான்; வணக்கம் ஒன்றும் இல்லை.

"தம்பி, அவன்ர பேரிலை எவ்வளவு எழுதினீர்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. தொகையாக எழுதினேனா, பவுணாக எழுதினேனா என்பதுகூட வரவில்லை. "தெரியேல்லை அண்ணை," என்றேன். "யோசியும்," என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாளில் மறுபடி அழைப்பு எடுத்தார். அதே கேள்வி, அதே பதில். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பேன். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது தடவை எடுத்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"அவன் செத்துப்போனானாம் தம்பி. நாலு வரியமாம். ஒரு மகள் கனடாவிலை. நம்பர் எடுத்து வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வாரும்."

"நான் எதுக்கு அண்ணை?"

"எழுதினது நீர்தானே."

போனேன். மகனும் மருமகளும் பிள்ளைகளோடு வெளியே போயிருந்தார்கள். அவரே எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை மேசையில் வைத்தார். எடுத்த பெண்ணின் குரலுக்குப் பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. அவர் தன்னைச் சொன்னதும் அவள் உடனே கண்டுகொண்டாள். "மாமா! நீங்களோ?" என்று சந்தோசப்பட்டாள். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.



"அது எந்த வரியம்?" என்று கேட்டாள்.

"நான் வெளிக்கிட்ட வரியம் பிள்ளை," என்றார் அவர். "மாரிக்கு முன்னம்."

"அந்த வரியம்தான் நான் பள்ளிக்கூடத்தாலை நிண்டனான். சோதினைக்கு மூண்டு மாதம் இருந்தது. ரெண்டு தோட்டமும் செய்ய வேணும், இறைக்க ஆளில்லை, நில்லு பிள்ளை எண்டு அப்பா சொன்னவர். ஏன் ரெண்டு தோட்டம் எண்டு நான் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை. இப்பதான் விளங்குது."

"பிள்ளை..." என்று அவர் தொடங்கினார்.

"மாமா, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறன். பிறகு எடுக்கிறன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது தொலைபேசி நின்றுவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழும்பும், வெளியாலை போவம்," என்றார். இரண்டு பேரும் கோட்டைப் போட்டோம். சட்டன் கடைத்தெருவின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரைக்கும் நடந்தோம். பூட்டுகிற நேரம், கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எண்பது வயதுக்காரர் எனக்கு முன்னால் போனார். நான் எட்டி நடந்து பிடிக்க வேண்டியிருந்தது. கீழ் முனையில் ஒருதரம் நின்று, "அவள் வகுப்பிலை முதலாம் பிள்ளை," என்றார். பிறகு திரும்பி நடந்தார்.

இது நடந்து ஆறு மாதம். இரண்டு கிழமைக்கு ஒருதரம் நான் சட்டனுக்குப் போகிறேன். ஏன் போகிறேன் என்று மனைவி கேட்பதில்லை. வடை சுட்டால் ஒரு பையில் கட்டித் தருவாள். கனடாவில் இருக்கிறவள் இரண்டு மாதம் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்தாளாம். இப்போது அவரோடு அடிக்கடி கதைக்கிறாள். தன் அப்பா கடைசிக் காலத்தில் என்ன சாப்பிட்டார், எப்படிச் செத்தார், கிணற்றை இப்போது யார் பாவிக்கிறார்கள், எல்லாம் சொல்கிறாளாம். என்னைப் பற்றி ஒருதரமும் கேட்கவில்லை. கேட்டாளா என்று நானும் விசாரிப்பதில்லை. அந்தத் தொகை எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

போன ஞாயிறு அவர் புதிதாக ஒன்று சொன்னார். கோடை விடுமுறைக்கு அவள் பிள்ளைகளோடு லண்டன் வருகிறாளாம். ஸ்ட்ரெதத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழமை நிற்கிறாளாம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குச் சட்டனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"நீரும் வாரும்," என்றார்.

"அவவுக்குத் தெரியுமோ, நானும் வாறன் எண்டு?"

"சொல்லுவன்."

ஷிப்ட் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் வடைப் பையை அவிழ்த்து ஒன்றை எடுத்து, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.